கதவுக்கு ஒரு முழம்

26 ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற பயிற்சியாளர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: கோட்டுக்குள் ஒழுங்காகத்தான் காரை நிறுத்திவிட்டுப் போகிறேன். திரும்பி வந்தால் என் கதவை ஒட்டி இன்னொரு கார் நிற்கிறது. போன வாரம் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, கியரைத் தாண்டித்தான் என் இருக்கைக்கு வர முடிந்தது. மனிதர்களுக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறது?

பதில்: கியர் தாண்டியோர் சங்கத்துக்கு உங்களை வரவேற்கிறேன். நான் அதில் மூத்த உறுப்பினர். நான் தாண்டிய அன்று முழங்கை ஹாரனில் பட்டு அலறியது. கால்சட்டைப் பை கைப்பிரேக்கில் மாட்டிக் கிழிந்தது. எதிரே நின்று என் மாணவர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறுகிய இடத்தில் காரை நிறுத்துவது எப்படி என்று அன்று காலையில்தான் அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

கோபம் வந்தால் அளவு நாடாவை எடுப்பது என் வழக்கம். நீங்களும் எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் நெடுங்காலமாகப் புழங்கும் நிறுத்துமிட அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். 1974-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் அகலம் 1.61 மீட்டர். அந்தக் கார்கள் இரண்டு அடுத்தடுத்து நடுவாக நின்றால் இடையே 79 சென்டிமீட்டர் மிஞ்சும். அதே பெயரில் இன்று வரும் காரின் அகலம் 1.79 மீட்டர். மிஞ்சுவது 61 சென்டிமீட்டர். கோடு அப்படியே கிடக்கிறது, கார் மட்டும் கொழுத்துவிட்டது. இதில் பக்கத்துக்காரர் 20 சென்டிமீட்டர் உங்கள் பக்கம் ஒதுங்கினால் ஒரு முழம்கூடத் தேறாது. அவர் கோட்டைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டால், ‘என் இடத்துக்குள்தானே நிற்கிறேன்?’ என்பார். தாம் இறங்கத் தம் பக்கம் தாராளமாக இடம் விட்டார். அதோடு அவர் கணக்கு முடிந்தது. கதவு திறக்கிற இடமும் நிறுத்துமிடத்தில் சேர்த்தி என்பது பலருக்கு உறைப்பதே இல்லை.

ஒரு தந்திரம் சொல்கிறேன். எல்லாரும் முகப்பை உள்ளே விட்டு நிறுத்தினால், ஒருவருடைய ஓட்டுநர் கதவு அடுத்தவரின் பயணி கதவைப் பார்த்தே நிற்கும். நீங்கள் மட்டும் பின்னோக்கி நுழைந்தால் இந்த வரிசை மாறும். ஒரு பக்கத்தில் உங்கள் பயணி கதவும் பக்கத்துக்காரருடைய பயணி கதவும் எதிரெதிரே வரும். உடன் வந்தவர்களை முன்பே இறக்கிவிட்டு, அந்தப் பக்கமாக நெருக்கி நிறுத்துங்கள். அவர் தனியாக வந்தவராக இருந்தால் நடுவே ஒரு சாண் போதும். மிச்ச இடம் முழுவதும் உங்கள் கதவுக்கு. அவர் காரின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கை தெரிந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். குழந்தையைத் தூக்கி உட்காரவைக்கக் கதவு முழுதாகத் திறந்தாக வேண்டும்.

கேள்வி: பின்னோக்கி நிறுத்தச் சொல்கிறீர்கள். நான் ரிவர்ஸ் போட்டாலே பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார். கை நடுங்கி, கோணலாக நிறுத்திவிடுகிறேன்.

பதில்: அவருக்கு அவசரம், உங்களுக்குப் பம்பர். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நடுக்கம் போக ஒரு விஷயம் புரிந்தால் போதும். காரில் திரும்புபவை முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் இழுத்த இழுப்புக்கு வருபவை. வளைவில் அவை முன்சக்கரங்களைவிட உட்புறமாக ஓடும். முகப்பை விட்டு நுழையும்போது பலருக்குப் பக்கத்துக் காரில் உரசல் விழுவது அதனால்தான். பின்னோக்கி நுழைந்தால், திரும்பும் சக்கரங்கள் கடைசிவரை வெளியே, அகலமான பாதையில் இருக்கும். வாலை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கலாம். கிளம்பும்போதும் எதிரே வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். சிக்னல் விளக்கைச் சற்று முன்பே போடுங்கள். கோணலாகிவிட்டால் வெளியே எடுத்து மறுபடியும் நுழையுங்கள். என்னிடம் பயின்றவர்களில் நன்றாக நிறுத்தியவர்கள் எல்லாரும் இரண்டாம் முறை எடுக்க வெட்கப்படாதவர்கள்.

கேள்வி: இப்படி நெருக்கி நிறுத்துகிறவர்களின் கண்ணாடியில் காகிதம் எழுதிச் செருகிவிட்டு வருகிறேன். நேற்று எழுதியது சற்று காரமாகிவிட்டது. தப்பா?

பதில்: எழுதியது தப்பில்லை, காரம்தான் வீண். வசவைப் படிக்கிறவர் எழுதியவரைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். ‘என் கதவைத் திறக்க முடியவில்லை. 25 நிமிடம் காத்திருந்தேன்’ என்று மட்டும் எழுதுங்கள். நிமிடக் கணக்கைத் திருப்பித் திட்ட முடியாது. கதவில் சாவியால் கோடு கிழிக்கும் எண்ணம் இருந்தால், அது குற்றம். எனக்கும் ஓரிரு முறை அந்த எண்ணம் வந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம்.

கேள்வி: சக்கர நாற்காலி அடையாளம் உள்ள இடத்தை அடுத்துச் சாய்கோடுகள் போட்ட காலிப் பட்டை இருக்கிறதே, அதில் பைக்கை நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: அது காலி இல்லை. சக்கர நாற்காலியை இறக்கி, அதில் மாறி உட்கார்ந்து, திருப்பிக்கொண்டு போகிற இடம் அதுதான். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலைகள் அதற்குக் குறைந்தது 60 அங்குலம் ஒதுக்கச் சொல்கின்றன. உங்கள் பைக் அங்கே நின்றால் வந்தவர் இறங்க முடியாது. அவர் இறங்கிப் போன பிறகு நீங்கள் நிறுத்தினால், திரும்பி வந்து ஏற முடியாது. அவரால் கியர் தாண்டவும் முடியாது. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் மனிதர்கள் இப்படி இல்லையே?

பதில்: இருந்தார்கள். 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது. அங்கு வேலைக்கு வந்தவர்களே கடைவாசலில் காரை நிறுத்திவிட்டு நாள் முழுவதும் எடுக்காததால், கடைக்கு வந்தவர்களுக்கு இடமில்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் இந்தச் சிக்கல் வந்தது. நல்லபடியாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று அவர் நம்பவில்லை போலும். காசு போட்டால் ஓடும் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். மணிக்கு 5 சென்ட். பத்திரிகைக்காரர்களுக்கு மனிதர்களைத் தெரியும்.

கேள்வி: நீங்கள் யாருக்கும் இடைஞ்சலாக நிறுத்தியதே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருமுறை ‘ஐந்தே நிமிடம்’ என்று ஒரு காரின் பின்னால் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனேன். திரும்ப முக்கால் மணி நேரமாகிவிட்டது. அந்தக் காருக்கு உரிய அம்மாள் நடைபாதை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாலு வசவு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் எழுந்து, “வேலை முடிந்ததா?” என்று கேட்டார். அது கேலியா, நிஜமான விசாரிப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.