டிவியில் பளிச், ரெக்கார்டிங்கில் கலங்கல்: கேபிளை மாற்றினால் தீராது

கேள்வி: என்னிடம் பிஎஸ்4 ஸ்லிம் கேம் கன்சோல் இருக்கிறது. நண்பர்களோடு ஆடும் ஃபுட்பால் மேட்ச்களை ரெக்கார்டு செய்து யூடியூபில் போடுவதற்காக, '4கே' என்று அட்டையில் போட்ட கேப்சர் கார்டு (கன்சோலின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கி, லேப்டாப்பில் ஓபிஎஸ் மென்பொருளோடு பயன்படுத்துகிறேன். கன்சோலை நேராக டிவியில் மாட்டினால் படம் பளிச்சென்று இருக்கிறது. ரெக்கார்டிங்கில் புல்தரை கட்டம் கட்டமாக உடைகிறது, பந்து விட்டுவிட்டு நகர்கிறது, நிறமெல்லாம் வெளுத்திருக்கிறது. கேபிள்தான் கோளாறு, 2,200 ரூபாய்க்குத் தங்கமுலாம் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கு என்கிறார் கடைக்காரர். அண்ணனின் பிஎஸ்3-ஐ இதே கார்டில் மாட்டினால் வெறும் கறுப்புத் திரைதான். என்ன செய்வது? (கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: தம்பி, அந்தக் கேபிளை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் கெட்டால் படம் மங்காது, வெளுக்காது. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், இல்லையென்றால் 'நோ சிக்னல்' என்று வரும். உங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அதே கேபிள் டிவியில் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் புதுச்சேரியில் வீடியோ எடிட்டிங்கும் ரிப்பேரும் பார்த்து வருகிறேன். தங்கமுலாம் கேபிள் மாட்டிப் படம் தெளிந்த ஒரு வீட்டை இதுவரை பார்த்ததில்லை. கடற்கரை ஊர்க்காரர்களிடம் இன்னொரு பூச்சாண்டியும் காட்டுவார்கள்: உப்புக்காற்று. உப்புக்காற்றில் பின் கறுப்பது உண்மைதான். அதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட ஒரு துணி போதும், 2,200 ரூபாய் வேண்டாம்.

சரி, படம் எங்கே கெடுகிறது என்று முதலில் பிடிப்போம். ஆட்டத்தை ஓட விட்டு, ரெக்கார்டு பட்டனைத் தொடாமல், ஓபிஎஸ் பிரிவியூவின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டரைத் திறந்து பாருங்கள். அதில் படம் நன்றாக இருந்து, பதிவான ஃபைலில் மட்டும் உடைந்தால் தப்பு ஓபிஎஸ் செட்டிங்கில். அதிலேயே மோசமாக இருந்தால் கார்டில் அல்லது கன்சோல் செட்டிங்கில். ஃபைலும் நன்றாக இருந்து யூடியூபில் ஏற்றிய பிறகு மங்கினால், அது யூடியூப் தன் பங்குக்குச் செய்யும் சுருக்கல். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யார் எதை வாங்கச் சொன்னாலும் பர்ஸை எடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது, காரணம் நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். ரெக்கார்டிங் குவாலிட்டி என்ற இடத்தில் 'ஸ்ட்ரீமைப் போலவே' என்று இருக்கிறது. ஸ்ட்ரீம் பிட்ரேட், அதாவது ஒரு விநாடி வீடியோவை எழுத ஒதுக்கும் அளவு, 2,500 கேபிபிஎஸ் (கிலோபிட்). இது நேரடி ஒளிபரப்பில் இன்டர்நெட் திணறக் கூடாது என்று வைக்கிற அளவு. உங்கள் ஹார்ட்டிஸ்குக்கு அந்தக் கவலை எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,500 கிலோபிட்டை விநாடிக்கு 30 பிரேமுக்கு (தனித்தனிப் படத்துக்கு) பங்கு போட்டால், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 10 கிலோபைட். சுருக்காத ஒரு 1080பி (1920×1080 புள்ளி) பிரேமோ 3 மெகாபைட் இருக்கும். மூன்று மூட்டைத் துணியை ஒரு மஞ்சப்பைக்குள் திணிப்பது போலத்தான். கேமரா அசையாதபோது ஓபிஎஸ் சமாளித்துவிடும், முந்தின பிரேமையே திருப்பிக் காட்டினால் போதும். கோல்கீப்பர் நீளமாக உதைத்து, கேமரா மைதானத்தின் மேல் ஓடும்போது ஒவ்வொரு புல்லும் இடம் மாறுகிறது. அப்போது 10 கிலோபைட்டில் என்ன எழுத முடியும்? பச்சை மாவைக் கரைத்து ஊற்றியது போல ஆகிவிடும். உங்கள் வீடியோவில் நடப்பது இதுதான்.

செட்டிங்ஸ், அவுட்புட், ரெக்கார்டிங் குவாலிட்டி. அங்கே 'ஹை குவாலிட்டி, மீடியம் ஃபைல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் இன்டெல் சிப் என்பதால் என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) பட்டியலில் குவிக்சிங்க் என்ற இன்டெல் சிப்பின் சொந்தச் சுருக்கி தெரிந்தால் அதை வையுங்கள், புராசஸர் மூச்சு வாங்காது. ஃபைல் பெரிதாகும். 2,500-இல் 20 நிமிட மேட்ச் 375 எம்பி; 20,000 கேபிபிஎஸ் அளவுக்குப் போனால் அதே மேட்ச் 3 ஜிபி. யூடியூபில் ஏற்றியதும் அழித்துவிடலாம்.

வீடியோ பகுதியையும் திறந்து பாருங்கள். ஓபிஎஸ் உங்கள் லேப்டாப் திரையின் அளவையே கேன்வாஸாக (படத்தை வைக்கும் பலகையாக) எடுத்துக்கொண்டு 1366×768 என்று வைத்திருக்கிறது. 1080பி படத்தை முதலில் அதற்குள் குறுக்கி, பிறகு 720பி-க்கு இன்னொரு முறை குறுக்கி எழுதுகிறது. இரண்டு முறை குறுக்கினால் ஸ்கோர்போர்டு எழுத்து மங்கத்தான் செய்யும். பேஸ் (அதுதான் கேன்வாஸ்), அவுட்புட் இரண்டையும் ஒரே அளவாக வையுங்கள். எந்த அளவு என்பதை உங்கள் கார்டுதான் முடிவு செய்யும்.

இப்போது அந்தக் கார்டு. அட்டையில் உள்ள '4கே' பொய் என்று சட்டப்படி சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். 4கே சிக்னலை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். லேப்டாப்புக்குக் கொடுப்பது 1080பி, அதுவும் 30 பிரேம்தான். உள்ளே போவதை அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், வெளியே வருவதைப் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள். பால் பாக்கெட்டில் இப்படி எழுத விடுவார்களா? எலக்ட்ரானிக்ஸ் என்றால் மட்டும் கேட்பதற்கு நாதியில்லை.

இதில் சிப் செய்தவரின் குற்றமில்லை. இந்த விலைக் கார்டுகள் பெரும்பாலும் லேப்டாப்போடு பேசுவது யுஎஸ்பி 2.0 வழியாக; அதன் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 1080பி படத்தைச் சுருக்காமல் 60 பிரேமில் அனுப்ப சுமார் 2,000 மெகாபிட் வேண்டும். அதனால் ஒவ்வொரு பிரேமையும் கார்டே ஜேபெக் படம் போல அமுக்கி அனுப்புகிறது; எம்ஜேபெக் என்று ஓபிஎஸ் பட்டியலில் வருவது அதுதான். கார்டை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, யுஎஸ்பி முனைக்குள் பாருங்கள். முன்னால் நான்கு பட்டைத் தகடுகள் தெரியும். யுஎஸ்பி 3 என்றால் அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஐந்து சின்னத் தகடுகள் இருக்க வேண்டும். நீல நிறப் பிளாஸ்டிக்கை மட்டும் நம்பாதீர்கள். நீலத்தை அச்சில் ஊற்ற யாருக்கும் அனுமதி தேவையில்லை. சில கார்டில் அந்த ஐந்து தகடும் இருக்கும், உள்ளே எதோடும் சேர்ந்திருக்காது. ஓபிஎஸ்-இல் வீடியோ ஃபார்மட்டை ஒய்யூஒய்2 (அமுக்காமல் அனுப்பும் முறை) என்று மாற்றி, 1080பி-க்கு எத்தனை பிரேம் தருகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 5 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், அது யுஎஸ்பி 2 கார்டு.

ஆனால் அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். பந்து விட்டுவிட்டு நகர்வதற்குக் காரணம், 60 பிரேமில் ஓடும் ஆட்டத்தை 30-இல் பிடிப்பது. இந்த வகைக் கார்டுகள் பெரும்பாலும் 720பி-யில் 60 பிரேம் தரும். எம்ஜேபெக், 1280×720, 60 என்று வையுங்கள். கேன்வாஸ், அவுட்புட் எல்லாம் 720பி, 60. ஃபுட்பாலுக்கு 1080பி 30-ஐ விட இது கண்ணுக்கு நன்றாக இருக்கும். கார்டை யுஎஸ்பி ஹப்பில் வெப்கேமோடு சேர்த்து மாட்டாமல், லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள். இதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால்தான் புதிய கார்டு. அப்போது அட்டையில் தேட வேண்டியது '4கே' அல்ல, 'கேப்சர் 1080பி 60' என்ற வரி.

வெளுப்பு விஷயம் சின்னது. கறுப்பு என்பதை 0 என்று சொல்லும் முறை ஒன்று, 16 என்று சொல்லும் முறை இன்னொன்று. கன்சோல் ஒன்றைப் பேசி ஓபிஎஸ் மற்றதைக் கேட்டால் கறுப்பு சாம்பலாகும். பிஎஸ்4-இல் சவுண்ட் அண்டு ஸ்கிரீன், வீடியோ அவுட்புட் செட்டிங்ஸ் போய், ஆர்ஜிபி ரேஞ்சை லிமிடெட் ஆக்கி, எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் முறை) ஆஃப் செய்யுங்கள். ஓபிஎஸ் கார்டு பிராபர்ட்டீஸில் கலர் ரேஞ்சும் லிமிடெட். லோடிங் திரையின் கறுப்பைப் பாருங்கள். நிழலெல்லாம் தார் பூசியதாக இருந்தால் ஓபிஎஸ் பக்கம் மட்டும் ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள். யூடியூபில் டிப்ஸ் வீடியோ பார்த்துவிட்டு சாச்சுரேஷன், கான்ட்ராஸ்ட் ஃபில்டர்களை அடுக்காதீர்கள். வெளுத்த வேட்டிக்கு மேல் சாயம் அடிக்கிற வேலை அது.

அண்ணனின் பிஎஸ்3 தனிக் கதை. பிஎஸ்4-இல் எச்டிசிபி என்ற காப்புப் பூட்டை சிஸ்டம் மெனுவில் ஆஃப் செய்யலாம் (படம் பார்க்கும் ஆப்கள் அப்போது ஓடாது). பிஎஸ்3-இல் அந்தப் பூட்டைத் திறக்க மெனுவே கிடையாது. எச்டிஎம்ஐ வழியாகப் போனால் கார்டுக்குக் கறுப்புத் திரைதான். வழி, பின்னால் இருக்கும் ஏவி மல்டி அவுட்டில் காம்பொனென்ட் கேபிள். இங்கேதான் கடையில் ஏமாறுவார்கள். 'கலர் கேபிள் கொடுங்கள்' என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை உள்ளதை எடுத்துக் கொடுப்பார்கள். அது காம்போசிட், பழைய டியூப் டிவி காலத்துக் கலங்கல். உங்களுக்கு வேண்டியதில் ஐந்து முனை இருக்கும்: படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, ஒலிக்கு சிவப்பு, வெள்ளை. அதே ஏவி மல்டி அவுட் பிஎஸ்2-இலும் உண்டு என்பதால் கேபிள் இரண்டுக்கும் பொருந்தும். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் சொல்லிக் கேட்காமல் எண்ணி வாங்குங்கள், ஐந்து. அந்தக் கேபிளை ஏற்கும் கேப்சர் கார்டும் வேறு. இப்போதைய கார்டில் காம்பொனென்ட் துளையே இல்லை. மாட்டியும் படம் வரவில்லையென்றால், ஆஃப் செய்த பிஎஸ்3-இன் பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை அழுத்திப் பிடியுங்கள், வீடியோ அவுட்புட் புதிதாகத் தேடும். பூட்டை உடைக்கும் டப்பா தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள்.

இன்னும் இரண்டு ஆட்களிடம் ஜாக்கிரதை. ஓபிஎஸ் 'பிரீமியம்' விற்கிறவர். ஓபிஎஸ் முழுக்க இலவசம், அதற்குப் பிரீமியம் என்று ஒன்று கிடையாது. ரிமோட்டில் லேப்டாப்புக்குள் வந்து செட்டிங் போட்டுத் தருகிறேன் என்பவர். அவர் போடப்போவது மேலே நான் சொன்ன ஐந்தாறு மாற்றம், கூடவே உங்கள் பாஸ்வேர்டுகளும் அவர் கண்ணுக்கு எட்டும்.

'பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட ஆகும்' என்று கடையில் சொல்லியிருப்பார்கள், நீங்களும் வேண்டாம் என்றிருப்பீர்கள். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1,400 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக யார் அலைவது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மாற்றங்களைச் செய்துவிட்டு 30 விநாடி மட்டும் ரெக்கார்டு செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன். போன முறை போல வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது தன் பங்குக்கு இன்னொரு முறை அமுக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.