முட்டை நின்றதா, காணாமல் போகிறதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஐந்து பழுப்புக் கோழிகள் வளர்க்கிறோம். முட்டைப் பண்ணையில் கழித்துவிட்டவற்றை வாங்கினோம். புனித வெள்ளி மாரியம்மன் திருவிழா வரை நாளுக்கு மூன்று, நான்கு முட்டைகள். ஜூன் பிறந்த பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். ஒரு கோழி தோல் முட்டை இட்டது. இன்னொன்று நேற்று மாலையிலிருந்து வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்குகிறது. தீவனம் மீலி, அதாவது மக்காச்சோளம்தான். கண்ணேறு என்கிறார் என் மாமியார். என்ன மருந்து தரலாம்?

பதில்: முக்கும் கோழிக்கு முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இதை அன்றே தெரிவித்துவிட்டேன். மற்றவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீரில் வயிறு மூழ்கும்படி இருபது நிமிடம் உட்கார வையுங்கள். ஈரத்தைத் துடைத்து, ஆசனவாயில் சமையல் எண்ணெய் தடவி, கதகதப்பான இருட்டறையில் தனியே விடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது. உள்ளே ஓடு உடைந்தால் அதன் விளிம்பு முட்டைக்குழாயைக் கிழித்துவிடும். ஒரு நாளுக்குள் முட்டை வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தோல் முட்டைக்கும் இந்த அடைப்புக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே: மீலி. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டுகிறது. அதுவும் தீர்ந்தால் ஓடு வராது, முட்டையைத் தள்ளும் தசையும் சோர்ந்துவிடும். புரதமும் மீலியில் 8 சதவீத அளவுதான். முட்டைக்கோழித் தீவனத்திலோ சுமார் 16. ஆகவே லேயர் எனப்படும் அந்த முட்டைக்கோழித் தீவனத்தையே முக்கிய உணவாக்குங்கள். மீலியை மாலையில் ஒரு கைப்பிடி தூவினால் போதும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

முட்டை குறைந்ததற்கு இன்னொரு காரணம் பொழுது. இந்தியாவிலிருந்து வரும் நூல்களில் பகல் சுருங்கும் மாதம் மார்கழி, பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கோ ஆனி. டிசம்பரில் டர்பனில் பகல் 14 மணி நேரம், ஜூனில் 10 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். நிறைய முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பண்ணையில் விளக்கொளியில் வாழ்ந்த கோழிகளுக்கு இந்தச் சரிவு கூடுதலாகவே உறைக்கும். இறகும் உதிர்கிறது என்றால், புது இறகு முளைக்கும் வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், முட்டையை எதிர்பார்க்காதீர்கள். விடியலுக்கு முன் விளக்குப் போட்டு ஏமாற்றலாம்தான். ஏற்கெனவே பண்ணையில் உழைத்துக் களைத்தவை; நானாக இருந்தால் ஓய்வெடுக்க விட்டுவிடுவேன்.

அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். கோழி இடவில்லையா, இட்டது உங்கள் கைக்கு வரவில்லையா? முட்டை திருடும் சாட்ஸ்வொர்த் குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கூண்டை வலையால் மூடி, கோழிகளை உள்ளேயே வையுங்கள். கோழியைத் தூக்கியும் பார்க்கலாம். ஆசனவாய் அகன்று ஈரமாக, அதன் கீழுள்ள இரண்டு எலும்புகளுக்கிடையே மூன்று விரல் நுழைந்தால் அது இடுகிற கோழி. சுருங்கி உலர்ந்து, ஒரு விரலுக்குத்தான் இடமென்றால் நிறுத்திவிட்டது. இரவில் டார்ச்சுடன் போய், உட்காரும் கட்டையின் இடுக்குகளையும் பாருங்கள். சிவப்புப் பேன்கள் பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். முட்டை குறைய அதுவும் போதும்.

மருந்து கேட்டிருந்தீர்கள். நோய் என்னவென்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். மிச்சம் முட்டை வழியாக உங்கள் தட்டுக்கே வரும். கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சைக் கழிச்சல், அடுத்தடுத்துச் சாவு ஆகியவற்றைக் கண்டால் மட்டும் தாமதிக்காதீர்கள். அது வேகமாகப் பரவும் ராணிக்கெட் (நியூகாசில்) நோயாக இருக்கலாம். அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. தீவனத்தை மாற்றிவிட்டு, ஆவணியில் முட்டைக்கூட்டைப் பாருங்கள்.