தீயணைப்போருக்கு ‘கேன்சர் பேக்கேஜ்’ தேவையா?

கேள்வி: எனக்கு 46 வயது. சென்னையில் 21 ஆண்டுகளாகத் தீயணைப்போராகப் பணிபுரிகிறேன். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு எரிந்தபோதும் பணியில் இருந்தேன். உடலில் தொந்தரவு எதுவும் இல்லை. ஆனாலும் ‘முழு உடல் கேன்சர் பேக்கேஜ்’ எடுக்கும்படி மனைவி வற்புறுத்துகிறார். எடுக்கலாமா?

பதில்: உங்கள் மனைவியின் கவலை நியாயமானது, அந்தப் பேக்கேஜைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் 2022இல் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாகவும், பெருங்குடல், புராஸ்டேட் போன்றவற்றுக்குச் சான்று அந்த அளவுக்கு வலுவாக இல்லை என்றும் அது கூறியது.

புகைக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நச்சு மூக்கு வழியாக மட்டும் உள்ளே போவதில்லை. வியர்த்த கழுத்திலும் தொடையிடுக்கிலும் படியும் கரியில் உள்ள பொருட்கள் தோல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. அதனால் ஆண்டுக்கொரு முறை சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவு உண்டா என்று பாருங்கள். கசிவு தெரிந்தால் அது கல்லாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டுங்கள். வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீர் சிவந்து போனாலும் இதையே செய்யுங்கள்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை. இதில் ‘நார்மல்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முதல் வினாடியில் நீங்கள் ஊதும் காற்று, ஐந்து ஆண்டுகளில் 3.6 லிட்டரிலிருந்து 3.0 லிட்டராகக் குறைந்திருந்தாலும், உங்கள் வயதுக்குரிய அளவுக்குள் இருப்பதால் அறிக்கை அதை ‘நார்மல்’ என்றே சொல்லக்கூடும். வயதாவதால் இயல்பாகக் குறைவது ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான். எனவே பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, உங்கள் அளவை உங்களுடைய முந்தைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

புற்றுநோய்க்குப் பயப்படும் பலர் இதயத்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்போரில் ஏறக்குறைய பாதிப்பேர் இதயநோயால்தான் இறக்கிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி ஆகிய நான்கும் இந்த ஆண்டே பார்க்கப்பட வேண்டும். 45 வயதைக் கடந்துவிட்டதால், மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

பேக்கேஜ்களில் வரும், புற்றுநோயின் அடையாளப் பொருட்களை இரத்தத்தில் தேடும் ‘டியூமர் மார்க்கர்’ பரிசோதனைகளில் பெரும்பாலானவை நோய் இல்லாதவரைப் பயமுறுத்தவும், நோய் உள்ளவருக்கு வீண் நிம்மதி தரவும் கூடியவை. நுரையீரல் புற்றுநோயைத் தேடும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், 50 வயதைக் கடந்த, நெடுங்காலம் அதிகமாகப் புகைபிடித்தவர்களுக்கே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

ஒரு நோட்டு வாங்கி, பெரிய தீ ஒவ்வொன்றின் தேதி, இடம், எரிந்த பொருள், சுவாசக் கருவி அணிந்திருந்த நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெடித்துச் சிதறிய குடோன் தீ என்றால் அதைத் தனியே குறியுங்கள். கல்நாரால் வரும் நோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால், பணி ஓய்வுக்குப் பிறகு நீங்கள் பார்க்கும் மருத்துவருக்கு அந்த நோட்டு தேவைப்படும்.