வாசகர் கேள்வி: பரணில் கிடந்த மார்ட்டினி

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ரைஃபிளை இறக்கினோம். விசைக்குப் பின்னால், கீழே இழுக்கிற மாதிரி ஒரு கம்பி. குதிரையைக் (தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தி) காணோம். வலப்புறம் கிரீடம், 'வி.ஆர்.', 1876. இது என்ன?
(மன்னார்குடி வாசகர்)

பதில்: சொல்வதைப் பார்த்தால் மார்ட்டினி-ஹென்றி. பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்றுக்கொண்ட, ஒரு சமயத்தில் ஒரே தோட்டா போடும் ரைஃபிள். அமெரிக்கர் பீபாடியின் அமைப்பைச் சுவிட்சர்லாந்தில் பட்டறை வைத்திருந்த மார்ட்டினி திருத்தினார். குழல், எடின்பரோ ஹென்றியுடையது: குண்டைச் சுழலவைக்க உள்ளே 7 பள்ளம், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

குதிரை வெளியே இருக்காது. குழலின் பின்வாயை மூடும் பூட்டுக் கட்டைக்குள் சுருள் ஸ்பிரிங்கும், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியும் இருக்கின்றன. கட்டையின் பின்முனை ஓர் ஆணியில் கோத்திருக்கும். கம்பியை இறக்கினால், மாடு அவிழ்த்த வண்டியின் ஏர்க்கால் சாய்வதுபோல் கட்டையின் முன்முனை தாழும். அதே இழுப்பில் ஊசி பின்வாங்கும், வெற்றுத் தோட்டா வெளியே வரும். தயார்நிலையைக் காட்ட வலப்புறம் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறு முள் உண்டு. மூன்று வேலைக்கு ஒரே அசைவு. இந்த ரகத்தின் அழகே அதுதான்.

குறையும் உண்டு. முதலில் வந்த தோட்டா, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடித்தகடு வைத்தது. 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) கரிமருந்தின் கசடு அடைந்து, தோட்டா உட்காரும் அறை சூடேறினால் தகடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் அடி மட்டும் கழன்று வரும். 1885-இல் சூடானில் இது படைக்கே தலைவலி. பின்னர் வந்த மார்க் 4 என்ற மாதிரியில் கம்பியை நீட்டினார்கள்.

கையில் எடுத்ததும் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் கம்பியை இறக்கி அறையைப் பாருங்கள். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கடந்தும் வெடிக்கும். கம்பி அசையாவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பழசு என்பதால் மட்டும் லைசென்ஸ் விலக்கு கிடையாது. 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி விலக்குப் பெற, அது பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும்.

போலியும் உண்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கையால் நகலெடுத்தார்கள். எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். 'வி.ஆர்.' விக்டோரியாவின் முத்திரை; அவர் இறந்தது 1901-இல். அதற்குப் பிந்தைய ஆண்டு அதனுடன் இருந்தால் போலி.

கேள்வி: கடற்காற்றில் பழைய ரைஃபிளில் துரு ஏறுகிறது. உப்புத்தாள் போடலாமா?
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். முத்திரை போனால் மதிப்பும் போயிற்று. மண்ணெண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் இலேசாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். துணி உறையிலோ வேட்டியிலோ சுற்றி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் அது ஈரத்தைப் பிடித்து இரும்பிலேயே ஒட்டவைக்கும்.

கேள்வி: ஸ்னைடர் ரைஃபிள் மார்ட்டினியிலிருந்து எப்படி வேறு?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: குழல் வாய்வழி மருந்திட்ட என்ஃபீல்டு ரைஃபிளை 1866-இல் மாற்றியமைத்தது. வலப்பக்கம் கீல் வைத்த கட்டையைத் திறந்து பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா நகரும். விழ வைக்க ரைஃபிளைக் கவிழ்க்க வேண்டும். குதிரை வெளியே தெரியும்.