சண்டை வந்தால் நாள்கணக்கில் பேசாமல் இருப்பது பரம்பரைக் குணமா?

அந்தப் பழக்கம் பெரும்பாலும் ரத்தத்தில் வந்ததல்ல, பார்த்துப் படிந்தது. மனைவியோடு சண்டை வந்தால் நாள்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவதாகவும், அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான் என்றும், தாத்தாவை நீங்கள் பார்த்ததே இல்லை, அப்படியிருந்தும் அதே குணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவைப் பார்க்காவிட்டால் என்ன, அவரைப் பார்த்து வளர்ந்த அப்பாவைப் பார்த்தீர்களே.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. சுமார் 1.45 கோடி இரட்டையர் ஜோடிகளின் தரவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு, உடல், மன இயல்புகளில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபுவழி என்றது. ஆனால் அப்படி வருவது சட்டென்று புண்படும் சுபாவம், பதற்றம் போன்றவை. புண்பட்ட பிறகு கத்துவதா, கதவைச் சாத்துவதா, மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருப்பதா என்பதைப் பெரும்பாலும் வீடுதான் கற்றுக்கொடுக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்டால் அவரிடமும் இப்படித்தான் இருக்கிறீர்களா? மறுநாளே சாதாரணமாகப் பேசுகிறீர்கள் என்றால், மௌனத்தை எங்கே காட்டலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். (இதை உங்கள் மனைவி ஏற்கெனவே கவனித்திருப்பார்.) அடுத்த முறை "இப்போது பேச முடியவில்லை, இரவு பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகுங்கள். சொன்னபடி பேசவும் வேண்டும்.

அந்த 49 சதவீதம் மக்கள்தொகைக்கான கணக்கு. உங்கள் குணத்தில் பாதி அப்பாவுடையது என்று பொருளல்ல. மௌனத்தோடு தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் இது கோபமே அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். அது குடும்பங்களில் தொடரக்கூடியது. அப்படியானால் மருத்துவரைப் பாருங்கள்.