பழைய ரஷ்ய வெள்ளி: முத்திரையை நம்பலாமா?

கேள்வி: ஏலத்துக்கு வந்துள்ள ரஷ்ய வெள்ளிக் கரண்டியில் 84 என்ற எண்ணும் ஒரு பெண்ணின் தலையும் உள்ளன. அது அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: சொலோத்னிக் என்பது பழைய ரஷ்ய எடை அலகு. 96 சொலோத்னிக்கைத் தூய வெள்ளியாகக் கொண்ட பழைய ரஷ்யக் கணக்கில், 84 என்பது ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளியைக் குறிக்கும். கொகோஷ்னிக் என்னும் தலையணி சூடிய அப்பெண் இடப்புறம் நோக்கினால், முத்திரை 1899-க்கும் 1908-க்கும் இடைப்பட்டது. வெள்ளியின் தரத்தைச் சோதித்த அதிகாரியின் பெயரின் முதலெழுத்துகளும் உடனிருக்கும். வலப்புறம் நோக்கினால் அதற்குப் பிந்தையது. அப்போது நகரைச் சுட்டும் கிரேக்க எழுத்து, மாஸ்கோ என்றால் டெல்டா, இருக்க வேண்டும். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் வாங்காதீர்கள். எஃகு அச்சால் அடித்த அசல் முத்திரையின் விளிம்பு பூதக்கண்ணாடியில் கூர்மையாகத் தெரியும். வார்ப்பில் வந்த போலியிலோ அது மழுங்கி, நுண்துளைகளோடு காணப்படும். புகழ்பெற்ற ரஷ்ய நகை நிறுவனமான ஃபபெர்ஜேயின் பெயரைக் கண்டால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். உண்மையான பழைய வெள்ளியிலேயே அப்பெயரைப் பின்னாளில் அடித்து விற்பவர்கள் உண்டு.