'நாட் எனஃப்' தவிர வேறு என்ன எழுதலாம்?

தம்பி, உங்கள் ஆங்கிலக் கட்டுரையையும் வேலை விண்ணப்பக் கடிதத்தையும் படித்தேன். கருத்து நன்றாக இருக்கிறது. ஆனால் குறை சொல்லும் இடமெல்லாம் 'நாட் எனஃப்' (not enough, போதாது) என்றே வருகிறது. மாற்றுச் சொற்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு 25 சதவீத மதிப்பெண் உண்டு. அரிய சொல் தெரிந்தால் மட்டும் அது கிடைத்துவிடாது. பக்கத்துச் சொல்லோடு அது இயல்பாகச் சேர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு சொல்லையும் அதன் துணையோடு படியுங்கள். அளவு போதவில்லை என்றால் 'இன்சஃபிஷியன்ட்'. 'இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்', 'இன்சஃபிஷியன்ட் எவிடன்ஸ்' என்று வரும். இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்கு ஈடுகொடுக்காது என்றால் 'இன்அடிக்வேட்'. 'இன்அடிக்வேட் டிரெயினிங்' என்று எழுதினால், பயிற்சி நடந்திருக்கும், ஆனால் ஆள் வேலைக்குத் தயாராகியிருக்க மாட்டார். உடலில் சத்துக் குறைந்தால் 'டெஃபிஷியன்ட் இன் அயர்ன்'. இலக்குக்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள இடைவெளி 'ஷார்ட்ஃபால்'. பணம், உற்பத்தி பற்றிய அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். மிகக் குறைவு என்று சொல்லும் 'மீகர்' (meagre) வருமானத்தோடு சேரும், அதே பொருளுள்ள 'ஸ்கான்ட்' (scant) கவனத்தோடும் ஆதாரத்தோடும் சேரும்.

ஆய்வுக் கட்டுரைகளில் 'பாஸிட்டி (paucity) ஆஃப் டேட்டா', 'டெர்த் (dearth) ஆஃப் ரிசர்ச்' என்று வரும். இரண்டுக்கும் பற்றாக்குறை என்றே பொருள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை எழுதும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டையும் ஜோடியாகவே நினைவில் வையுங்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறு விடைகளிலிருந்து எடுக்கச் சொல்லும் கேள்வி அதில் உண்டு. ஒன்று மட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் கிடையாது.

இதையெல்லாம்விட அவசரமாகத் திருத்த வேண்டியது 'லாக்' (lack). 'ஐ லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். வினையாக வரும்போது 'ஆஃப்' கூடாது. 'ஐ லாக் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதே சரி. பெயர்ச்சொல்லாக வந்தால் 'எ லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. 'லாக்கிங்' பெயரடையாக வந்தால் பெரும்பாலும் கூடவே 'இன்' வரும். எத்தனை கனமான சொல் போட்டாலும், படிப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்தப் பிழைதான்.

அப்புறம், கடிதத்தில் 'மை ஸ்கில்ஸ் ஆர் இன்அடிக்வேட்' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 'இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை' என்று நீங்களே சொல்வதுபோல் அது படுகிறது. உங்களிடம் அனுபவம் குறைவு, அவ்வளவுதானே? 'லிமிடட் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் உண்மையும் குறையாது, உங்கள் மதிப்பும் குறையாது. எந்தத் துறையில் அனுபவம் குறைவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை ஈடுகட்ட இப்போது என்ன படிக்கிறீர்கள், என்ன செய்து பார்க்கிறீர்கள் என்பது அடுத்த வரியிலேயே வரட்டும். கல்லூரி புராஜெக்ட் பற்றிய இடத்தில் குழுவை 'இன்காம்பிடன்ட்' (திறமையற்றது) என்று திட்டியிருப்பதும் வேண்டாம். 'இன்சஃபிஷியன்ட் டைம்' என்ற காரணமே அங்கே பொருந்துகிறது.

முதலில் அந்தப் பத்தியை மட்டும் மாற்றி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.